நாலு விரல்

தும்ரைத்தில் ஜிப்சம் ஏற்றி முடித்ததும்
நான் செய்கிற முதல் வேலை
பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
கையை விட்டுப் பார்ப்பது.
ஒரு சாண் இருந்தால் சீட்டு சொல்வது சரி.
இன்று நாலு விரல்.
சுண்டுவிரலில் கிரீஸ்.

சீட்டில் நாற்பத்தொன்று புள்ளி இருபது.
பெயர் இருக்கிற இடத்தில்
செய்யது ஜக்கரியா என்பதற்குப் பதில்
சைத் சகரா என்று அடித்திருக்கிறது.
பெயர் போகட்டும்.
பட்டைகள் முதுகு நிமிர்ந்து
தட்டையாகக் கிடக்கின்றன.

தாதுல்லா கண்ணாடிக்கு உள்ளே
ஏசியில் உட்கார்ந்து சுலைமானி குடிக்கிறான்.
"உன் மீசான் பொய் சொல்லுது."
"அது சொல்றதைத்தான் நான் அடிக்கிறேன்.
காலையில பலகை மேல மண்ணு கிடந்துச்சு,
மண்ணோட சேர்த்து பூஜ்யம் போட்டுட்டேன்."
"ஒன்பது டன் மண்ணா?"
"சுலைமானி வேணுமா?"

வண்டியைத் திரும்ப மேடையில் ஏற்றினேன்.
எஞ்சின் அணைத்து, இறங்கி,
தள்ளி நின்று எண்ணைப் பார்த்தேன்.
ஏறிப் பார்த்தேன்.
இறங்கிப் பார்த்தேன்.
சிவப்பு எண் இமைக்கக்கூட இல்லை.
அதற்கு நான் இருப்பதும் ஒன்று
இல்லாததும் ஒன்று.

முதல் மீசான் போலீஸுக்கு.
அங்கே எடை குறைய வேண்டும்.
சலாலா துறைமுகத்து மீசான் கப்பல்காரனுக்கு.
அங்கே ஒரு கிலோ குறைந்தாலும் முதலாளி போன் பண்ணுவார்.
இரண்டுக்கும் நடுவில் எண்பது கிலோமீட்டர்.
அதில் மலை இறக்கம் இருக்கிறது.
எந்தக் காகிதத்திலும் ஏறாத ஒன்பது டன்
என் முதுகுக்குப் பின்னால் வருகிறது.

கரீப் மாதம். மலை விளிம்பில் மூட்டம்.
இரண்டாம் கியர். ரிடார்டர் முனகுகிறது.
பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுகிறேன்,
சுடுசோற்றைத் தொடுகிற மாதிரி.
துபாய் நம்பர் கார்கள் ஓரம் கட்டி
வெண்மையைப் படம் பிடிக்கின்றன.
என் டிரம்மிலிருந்து எழுகிற புகையும்
அவர்கள் படத்தில் அழகாகத்தான் விழுந்திருக்கும்.
ஒட்டகம் ஒன்று நடுரோட்டில் நின்று
என்னைப் பார்த்தது.
ஹாரன் அடித்தேன். அவசரமில்லாமல் போனது.
ஐம்பது டன்னுக்கு நிற்கத் தெரியாது என்று
அதற்கு யார் சொல்வது.

மூன்றாவது வளைவில்
வண்டி தப்பிக்க வெட்டிவைத்த மணல்மேடு.
போன வருஷம் குல்ஸமான் அதைப் பிடிக்கப் பார்த்தான்.
எட்டவில்லை.
பாறையெல்லாம் வெள்ளைக் கல்.
அவன் சட்டைப்பையிலிருந்து
ரத்தம் படாத சீட்டை எடுத்தார்கள்.
நாற்பத்தொன்றுக்குள் எடை. டிரைவர் கவனக்குறைவு.
சிதறிய கல்லை யாரும் நிறுக்கவில்லை.
ஷவல் வந்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனது.

தொண்டியில் எங்களுக்கு
கப்ரின் தலைமாட்டில் நடுகிற கல்லும் மீசான்தான்.
கியாமத் நாளில் நிறுக்கப்போகும் தராசும் மீசான்.
இதை தாதுல்லாவிடம் சொல்ல வேண்டும் என்று
ஒவ்வொரு நடையும் நினைக்கிறேன்.
அவனுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவ்வளவு இந்தி வராது.

கீழே இறங்கியதும் மூட்டம் தூறலானது.
துறைமுகத்து மேடையில் ஏற்றினேன்.
ஐம்பது புள்ளி நாற்பது.
முசல்லம் முத்திரை குத்த எடுத்தார்.
"ஒரு நிமிஷம் அர்பாப்" என்று சொல்லிக் குதித்தேன்.
மேடைக்கு வெளியே தூறலில் நின்று பார்த்தேன்.
ஐம்பது புள்ளி முப்பத்து நாலு.

என்ன பார்க்கிறாய் என்று கேட்டார்.
ஒன்றுமில்லை என்றேன்.
அறுபது கிலோ.
ஆஸ்பத்திரி மெஷினில் என் எடை எழுபத்தொன்று.
மீதிப் பதினொன்றை
நான் கேட்கவில்லை.